ஓலை முதல் புலனம் வரை: கெடாத் தமிழரும் மடலின் மறைவும்

ஒருவர் மனத்தில் தோன்றிய சொல், தொலைவிலுள்ள இன்னொருவரைச் சென்றடைவதற்கு இடையில் எத்தனையோ கைகளைக் கடக்க வேண்டியுள்ளது. அக்கைகளுள் எவையெவை அச்சொல்லைத் திறந்து பார்க்கின்றன என்னும் வினா, திறன்பேசி வந்தபின் புதிதாக எழுந்தது அன்று. மடல் தோன்றிய நாளிலேயே அவ்வினாவும் உடன் பிறந்துவிட்டது. திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கு 59-ஆம் அதிகாரத்தையும், தூதுக்கு 69-ஆம் அதிகாரத்தையும் வகுத்துள்ளார். செய்தியைச் சுமந்து செல்பவனும், பிறர் செய்தியை மறைந்திருந்து அறிபவனும் ஒரே பாலில் இடம் பெற்றிருப்பது, இவ்விரண்டு தொழிலும் நாட்டில் என்றும் உடனிருப்பவை என்பதைப் பழந்தமிழர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

கெடாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இவ்வினா நூலறிவு சார்ந்த ஒன்றாக இருந்ததில்லை. அன்றாட வாழ்வோடு கலந்த ஒன்றாகவே இருந்தது. தம் மடலைத் தாமே எழுதவும் தாமே படிக்கவும் இயலாதிருந்த ஒரு தலைமுறையிலிருந்து, எழுதியவரையும் பெறுபவரையும் தவிர வேறெவரும் படிக்க இயலாத மடலை நொடிப்பொழுதில் அனுப்பும் தலைமுறைவரை அச்சமூகம் நடந்து வந்துள்ளது. அந்நடையின் வரலாற்றை அறிந்தால், இன்றைய செயலிகள் எதைக் காக்கின்றன, எதைக் காக்கவில்லை என்பது தெளிவாக விளங்கும்.

முத்திரையும் மறைவும்

கெடாவின் பழம்பெயரான கடாரத்தோடு தொடர்புடைய தமிழ் ஆவணங்களுள் தலையாயவை லெய்டன் செப்பேடுகள். கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியை அவை கூறுகின்றன. இருபத்தொரு ஏடுகளையும் ஒரு வளையத்தில் கோத்து, அதன் வாயைச் சோழர் முத்திரையால் மூடியுள்ளனர். ஏட்டைக் கூட்டவோ குறைக்கவோ முயல்வோர் அம்முத்திரையை உடைத்தாக வேண்டும்.

முத்திரை செய்த பணி இன்னதென்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது செப்பேட்டில் உள்ளதை மறைக்கவில்லை. எழுதியவர் யார் என்பதையும், இடையில் எவரும் திருத்தவில்லை என்பதையும் மட்டுமே அது உறுதி செய்தது. உண்மை காட்டுவது வேறு. மறைத்து வைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே செய்திப் பரிமாற்றம் பற்றிய குழப்பங்களுள் பல விளைகின்றன.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த இறுதி மடல் மண் இலச்சினை இடப்பட்டுக் கோசிகன் கையில் செல்கிறது. வழியெல்லாம் சுமந்து சென்ற கோசிகன் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை. இலச்சினை உடைந்தால் பிரித்தது தெரிந்துவிடும். அவ்வச்சமும் தூதுவனின் நேர்மையுமே அன்றைய மடலுக்குக் காவலாக நின்றன. திறப்பதைத் தடுக்கும் ஆற்றல் இலச்சினைக்கு இல்லை. திறந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஆற்றல் மட்டுமே அதற்கு இருந்தது. அஞ்சல் உறையின் பசையும் அரக்கும் அதே பணியையே பின்னாளில் செய்தன.

தோட்டத்து மடல்

1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையினால் கெடாவின் மீது சயாமுக்கிருந்த உரிமைகள் பிரிட்டனுக்கு மாறின. 1912-இல் கெடா தன் பெயரிலேயே அஞ்சல் தலைகளை வெளியிட்டது. நெற்கதிர்க் கட்டு, ஏர் உழும் உழவர், அலோர் ஸ்டாரின் ஆட்சி மன்றக் கட்டடம் ஆகிய மூன்றும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. 1915-இல் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. இதே காலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் காடுகள் அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நெற்கதிர் பொறித்த தலையை ஒட்டி ஊருக்கு மடல் விடுத்தவர்களுள் பலர், தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆர்க்காட்டு மாவட்டங்களிலும் நெல்வயல்களை விட்டு வந்து பால்மரம் சீவியவர்கள்.

அம்மடல் சென்ற வழி நெடியது. தோட்டத்து அலுவலகத்திலிருந்து நகரின் அஞ்சலகம். அங்கிருந்து பினாங்குத் துறைமுகம். பின் கடல்வழியே நாகப்பட்டினமோ சென்னையோ. அதன்பின் சிற்றூர் அஞ்சற்காரரின் பை. 1926-இல் கட்டப்பெற்று 1973-வரை ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் இருகரை மக்களையும் இணைத்தன. மறுமடல் வரும்போது தோட்டத்தின் முகவரிக்கே வரும். அதனைக் கிராணி வாங்கிப் பிரித்தடுக்கிப் பிரட்டுக் களத்தில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பது வழக்கம். யாருக்கு ஊரிலிருந்து மடல் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது லயத்திலுள்ள அனைவருக்கும் அந்நொடியே தெரிந்துவிடும்.

வழி நெடியதாயினும் உறை பெரும்பாலும் பிரிக்கப்படாமலே வந்து சேர்ந்தது. மறைவு குலைந்தது வழியில் அன்று. இரு முனைகளிலுமே ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி தன் மடலை இன்னொருவரைக் கொண்டே எழுதுவிக்க வேண்டும். கிராணியோ, கங்காணியோ, தோட்டப் பள்ளி ஆசிரியரோ, எழுத்தறிந்த அண்டை வீட்டாரோ அதனை எழுதினர். ஊரிலும் அது மற்றொருவர் வாய்வழியாகவே தாயின் செவியை அடைந்தது. ஒரு மடலுக்கு எழுதியவர், எழுதுவித்தவர், படித்தவர், கேட்டவர் என நால்வர் இருந்தனர். சுற்றி நின்றவர்கள் வேறு.

இதன் விளைவு மடலின் மொழியிலேயே படிந்தது. ‘இங்கு யாவரும் நலம், அங்குள்ளோர் நலம் அறிய அவா’ என்னும் வாய்பாட்டிற்குள் தோட்டத்து மடல்கள் பல அடங்கிப்போனதற்கு மொழிப்பயிற்சிக் குறைவு மட்டுமே காரணம் அன்று. பிறர் எழுத, பிறர் படிக்கும் மடலில் எவர்தாம் மனம் திறப்பார்? தன்னை அழைத்து வந்த கங்காணியைப் பற்றிய குறையை அக்கங்காணியின் கையெழுத்திலேயே ஊருக்கு எழுதி அனுப்ப இயலுமா? 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் பின்னர் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் குறைகளைக் கேட்டறிவது அவருடைய கடமைகளுள் ஒன்று. ஆயினும் அவருக்கு மனு எழுத வேண்டியவர், முதலில் தோட்டத்தில் எழுத்தறிந்த ஒருவரை நம்பித் தம் குறையைச் சொல்லியாக வேண்டும். மறைவு இல்லாதவிடத்து முறையீடும் எளிதில் எழுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எழுத்தறிவு என்னும் பூட்டு

ஆகவே, தோட்டத்துத் தமிழர் மடலுக்கு முதற் பூட்டை இட்டது எந்தப் பொறியும் அன்று, தமிழ்ப்பள்ளியே ஆகும். கொட்டகையாயினும் கோவில் மண்டபமாயினும், அங்கமர்ந்து எழுத்துக் கற்ற பிள்ளை முதலில் தன் வீட்டு மடலைப் படித்தது. மகன் படிக்கத் தாய் கேட்டபோது, அம்மடல் அயலார் கையை விட்டு வீட்டுச் சுவருக்குள் வந்தது. பெண்பிள்ளை எழுதக் கற்றபோது, திருமணமாகி வேறு தோட்டம் சென்றவள் தன் துன்பத்தைத் தன் கையாலேயே தாய்க்கு எழுதும் நிலை உண்டாயிற்று. அதன் சமூகப் பயன் அளவிடற்கரியது.

தமிழ்ப்பள்ளியின் பெருமையைப் பேசுவோர் மொழி, பண்பாடு, இலக்கியம் ஆகியவற்றை எடுத்துரைப்பர். அவற்றோடு இதனையும் சேர்த்தெண்ணல் தகும். தன் சொல்லைத் தானே எழுதும் உரிமையும், தனக்கு வந்த சொல்லைத் தானே முதலில் படிக்கும் உரிமையும் அப்பள்ளிகள் வழங்கியவை. தனிமறைவு என்று இன்று பேசப்படும் உரிமை அவ்விரண்டின் மேல் எழுப்பப்பட்டதே ஆகும்.

ஆட்சியின் கை

இருமுனைகளிலும் எழுத்தறிவு பரவத் தொடங்கிய காலத்திலேயே வழியில் வேறொரு கை நீண்டது. அது ஆட்சியின் கை. முதல் உலகப்போரின்போது, 1914-ஆம் ஆண்டு இறுதியில், சிங்கப்பூரில் வாழ்ந்த குசராத்தி வணிகர் காசிம் மன்சூர் இரங்கூனுக்கு விடுத்த மடல் இடைமறித்துப் படிக்கப்பட்டது. துருக்கியத் தூதருக்கான வேண்டுகோள் அதனுள் இருந்தது. 1915-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 1939-இல் இரண்டாம் போர் மூண்டபின் மலாயாவின் வெளிநாட்டு அஞ்சல்கள் தணிக்கையாளர் கையை அடைந்தன. திறந்து பார்த்து ஒட்டிய தாளும் முத்திரையும் தாங்கிய உறைகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

1941 டிசம்பரில் சப்பானியர் கெடாவுக்குள் நுழைந்தபின் இந்தியாவுடனான அஞ்சல் அடியோடு அறுந்தது. பால்மரத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதே மாதத்தில் கெடாவும் தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. சென்றவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பதை லயத்தில் காத்திருந்த மனைவிக்குச் சொல்ல மடல் ஏதும் இல்லை. மடலைப் பிறர் படிப்பது ஒரு துன்பம். மடலே இல்லாமற் போவது அதனினும் கொடிது. செய்திவழியைக் காப்பதற்கும் செய்தியின் மறைவைக் காப்பதற்கும் இடையே அரசுகள் எடுக்கும் முடிவுகளை ஆராய்வோர் இவ்விரு துன்பங்களையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கம்பியும் காற்றும்

விரைவு வேண்டியபோது மறைவு குறைந்தது. தந்தி அதற்குச் சான்று. அஞ்சலகத்தில் ஒருவர் படித்தாலன்றித் தந்தியை அனுப்ப இயலாது. மறுமுனையில் ஒருவர் எழுதினாலன்றிப் பெறவும் இயலாது. பெருவணிகர் இதற்கு மாற்றாகக் குறிமொழி நூல்களைக் கையாண்டனர். 1906-இல் வெளிவந்த பெண்ட்லியின் நூல் அவற்றுள் புகழ்பெற்றது. நீண்ட தொடர்களுக்கு ஐந்தெழுத்துச் சொற்களை அது வகுத்தது. செலவும் குறைந்தது, புறத்தார்க்குப் பொருளும் எளிதில் விளங்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளிக்கு அத்தகைய நூல் ஏது? தந்தி வந்தது என்றாலே துயரச் செய்தி என்று லயம் முழுவதும் திரண்டது. இந்தியாவில் 2013 சூலையில் தந்திச் சேவை முடிவுற்றது.

தொலைபேசி தோட்டங்களில் நெடுங்காலம் துரை பங்களாவிலும் அலுவலகத்திலுமே இருந்தது. அங்கு நின்று பேசுவோர் சுற்றியுள்ள செவிகளை எண்ணியே பேசினர். 1985-இல் மலேசியாவில் ‘ஆத்தூர்’ என்னும் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியபோது அது செல்வர்க்குரிய பொருளாகவே இருந்தது. பின்னர் விலை குறைந்து குறுஞ்செய்தி பரவியது. தொடக்கத்தில் தமிழை உரோமன் எழுத்தில் எழுதியே இளையோர் அனுப்பினர். ஆங்கில எழுத்தறியாத பெற்றோர்க்கு அது மீண்டும் பிறர் படித்துச் சொல்ல வேண்டிய மடலாயிற்று. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்து, தமிழ் எழுத்திலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. தமிழ்ப்பள்ளி முன்னர் ஆற்றிய அதே பணியைக் கைத்தொலைபேசியில் தமிழெழுத்து ஆற்றியது எனலாம்.

இதற்கிடையே தோட்டங்களும் மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தன. பிரிந்தவர்களை மீண்டும் கூட்டியது வாட்ஸ்அப் என்னும் புலனம். கோவில் திருவிழா, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பழைய மாணவர் கூட்டம், இறப்புச் செய்தி என அனைத்தும் இன்று புலனக் குழுக்களின் வழியே செல்கின்றன. பிரட்டுக் களம் கைக்குள் வந்து அமர்ந்துள்ளது.

உறைந்த பால்

செயலி எவ்வாறு செய்தியை மறைக்கிறது? ஒருவர் அனுப்பும் செய்தி நேரே மற்றவர் கைத்தொலைபேசிக்குச் செல்வதில்லை. நிறுவனத்தின் பொதுக் கணினிக்குச் சென்று, பெறுபவர் இணையத்தில் வரும்வரை காத்திருந்து, பின்னரே அவரைச் சேர்கிறது. அப்பொதுக் கணினியை வழங்கி என்பர். அது தோட்டத்துக் கிராணியின் மேசை போன்றது. உறை ஒட்டப்படாமல் அம்மேசைக்கு வந்தால், நிறுவனமோ அதனுள் நுழைந்தவரோ படிக்கலாம்.

பூட்டி அனுப்பலாம் எனின், சாவியை எவ்வாறு சேர்ப்பது? பழைய மறையெழுத்து முறைகள் அனைத்திலும் இதுவே இடர். சாவியும் அதே வழியில் சென்றால் வழியில் உள்ளவர் அதனையும் எடுத்துக்கொள்வார். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் இதற்கு விடை வெளியிட்டனர். முன்னோக்கிச் செய்ய எளிதாகவும், பின்னோக்கிச் செய்ய மிக அரிதாகவும் உள்ள கணக்குகளே அவ்விடையின் அடிப்படை. தோட்டத்தார்க்கு இது புதிதன்று. பாலில் அமிலம் சேர்த்தால் உறைந்து கட்டியாகும். கட்டியை மீண்டும் பாலாக்க இயலாது. எண்களிலும் அவ்வாறே. 89-ஐயும் 97-ஐயும் பெருக்கி 8633 என்று காண்பது எளிது. 8633-ஐக் கொடுத்து, எவ்விரு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் விடை காணச் சற்று நேரமாகும். எண்கள் பல நூறு இலக்கங்களாக வளர்ந்தால் இன்றைய கணினிகளும் அதில் திணறும். செயலிகள் கையாளும் கணக்கு இதனினும் வேறுபட்டதாயினும் இயல்பு இதுவே.

ஒவ்வொரு கைத்தொலைபேசியும் இரண்டு எண்களைத் தானே உருவாக்கிக் கொள்கிறது. ஒன்று தனித் திறவு. அது அக்கருவியை விட்டு வெளியே செல்லாது. மற்றது அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் பொதுத் திறவு. அது வழங்கியில் எவரும் காண வைக்கப்படும். அனுப்புபவரின் கருவி, தன் தனித் திறவையும் பெறுபவரின் பொதுத் திறவையும் கலந்து ஓர் எண்ணைப் பெறுகிறது. பெறுபவரின் கருவி, தன் தனித் திறவையும் அனுப்பியவரின் பொதுத் திறவையும் கலந்து அதே எண்ணைப் பெறுகிறது. இருவர்க்கும் பொதுவான சாவி, வழியே செல்லாமலேயே இருபுறமும் தோன்றிவிடுகிறது. வழங்கி காண்பது பொதுத் திறவுகளையும் பூட்டிய செய்தியையும் மட்டுமே. இதுவே முனைக்கு முனை மறையாக்கம் எனப்படுகிறது.

2009-இல் தோன்றி, 2014-இல் பேஸ்புக் நிறுவனத்தால் வாங்கப்பட்ட புலனம், 2016 ஏப்ரலில் இம்மறையாக்கத்தைத் தன் பயனர் அனைவர்க்கும் விரித்தது. சிக்னல் செயலிக்கென உருவான முறையையே அது ஏற்றது. அம்முறையில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறும். நேற்றுச் சீவிய கோட்டில் இன்று பால் வடிவதில்லை. நாள்தோறும் புதுப்பட்டை சீவுதல் வேண்டும். அதுபோல் ஒரு சாவியைக் களவாடியவர் அதைக்கொண்டு முன்னைய செய்திகளைத் திறக்க இயலாது.

இங்கும் லெய்டன் செப்பேட்டின் பாடம் நினைவிற்கு வருதல் நன்று. மறைவு வேறு, உண்மை வேறு. நண்பருடையது என்று வழங்கி காட்டும் பொதுத் திறவு உண்மையில் அவருடையதுதானா? இதனைச் சரிபார்க்கவே ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று புலனத்தில் உள்ளது. இருவரும் நேரில் ஒப்பிட்டு ஒன்றாயிருக்கக் கண்டால் இடையில் வேற்றாள் இல்லை என்று உறுதி கொள்ளலாம். அவ்வெண்ணே இக்காலத்து இலச்சினை.

உறையின் மேல் எழுதியவை

பூட்டு உள்ளிருப்பதை மறைக்கும், உறையை மறைக்காது. ஊரிலிருந்து மடல் வந்தால், நான்கு மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலம் என்றும், கறுப்புக்கரை இருந்தால் இழவு என்றும் பிரிக்காமலேயே லயம் அறிந்தது. யார் யாருக்கு எழுதுகிறார், மாதத்திற்கு எத்தனை மடல், எந்த ஊர் முத்திரை என்பவற்றைக் கிராணி அறிந்திருந்தார். அவ்வாறே யார் யாருடன், எப்போது, எவ்வளவு அடிக்கடி தொடர்பு கொள்கிறார், எக்குழுவில் உள்ளார் என்னும் விவரங்கள் செய்தி பூட்டியிருந்தும் நிறுவனத்திற்குப் புலப்படலாம். ஒருவர் வாழ்வை அறிய இவையே பலநேரம் போதுமானவை.

எல்லாச் செயலியும் ஒரே தன்மையன அல்ல என்பதும் கருதத்தக்கது. 2013-இல் வெளிவந்த டெலிகிராமில் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. ‘இரகசிய உரையாடல்’ என்பதைத் தனியே தொடங்கினால் மட்டுமே உண்டு. புலனத்திலும் பழைய செய்திகளின் காப்புப்படி வேறோர் இடத்தில் சேமிக்கப்படுமாயின், அதற்கான மறையாக்கத்தைப் பயனரே இயக்குதல் வேண்டும். 2021-இல்தான் அவ்வசதியும் வந்தது. மேலும், கருவியே பிறர் வயப்பட்டால் வழியிலுள்ள பூட்டு பயன் தராது. 2019-இல் ஏறத்தாழ 1,400 பயனர்களின் கருவிகள் ‘பெகாசஸ்’ என்னும் வேவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டதைப் புலனம் வெளியிட்டது. பூட்டை உடைக்க முயலாமல் வீட்டுக்குள்ளேயே புகுந்த திருட்டு அது.

சட்டத்தின் எல்லை

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் உரிய அதிகாரமின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதைத் தன் 234-ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் தொடர்பில் திரட்டப்படும் விவரங்களைக் காக்கிறது. கூட்டரசு, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. சிவராசா ராசையா வழக்கில் 2010-இல் கூட்டரசு நீதிமன்றம், அரசமைப்பின் 5-ஆம் பிரிவு கூறும் தன்னுரிமையுள் தனிமறைவுரிமையும் அடங்கும் என்று கருத்துரைத்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமித்துத் தனிமறைவை அடிப்படை உரிமை என்றனர்.

மறுபுறம், 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் அஞ்சற் பொருளைத் திறக்கவும் தொடர்புகளை இடைமறிக்கவும் வழி வைத்துள்ளது. மலேசியாவில் 80 இலட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட இணையச் செய்திச் சேவைகள் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 2025 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. மோசடியும் சிறார்க்கெதிரான குற்றமும் பெருகுவதை அரசு எடுத்துரைக்கிறது. பேச்சுரிமை குறுகுமென்று மற்றவர் அஞ்சுகின்றனர். ஒற்றாடலும் தூதும் ஒரே நூலில் நின்ற பழைய வழக்கே இது. இரண்டையும் எடைபோடும் குடிமக்கள், மறைவற்ற மடலில் வாய்பாட்டை மட்டுமே எழுதிய முன்னோரையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

கோவலன் செய்தது

இறுதியாகப் பெறுபவரின் பொறுப்பு ஒன்றுண்டு. மாதவியின் மடலைப் பிரித்துப் படித்த கோவலன், அவள் குற்றமற்றவள் என்று தெளிந்தான். அம்மடலின் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் கூற விரும்பியவற்றோடு பொருந்தியிருப்பதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் நோக்கம் நல்லதே. ஆயினும் ஒருத்தி ஒருவனுக்கு மட்டும் எழுதிய மடல், அவள் அறியாமலே மூன்றாமவர் கையைச் சேர்ந்தது. மண் இலச்சினையோ தூதுவன் நேர்மையோ அதைத் தடுக்கவில்லை. இன்று ஒருவிரல் அசைவில் நடைபெறும் ‘முன்னனுப்புதல்’ அன்றே இளங்கோவடிகள் காட்டியதுதான்.

எந்த மறையாக்கமும் இவ்விடத்தில் துணைசெய்யாது. புலனக் குழுவொன்றில் 1,024 பேர்வரை இருக்கலாம். அத்தனை பேரிடமும் சாவி உண்டு. ஒரு மாணவியின் தேர்வு மதிப்பெண்ணையோ, ஒரு குடும்பத்தின் மருத்துவ அறிக்கையையோ, உதவி கோரியவரின் அடையாள அட்டைப் படத்தையோ குழுவில் இடுபவர், பழைய பிரட்டுக் களத்தில் பிறர் மடலை உரக்கப் படித்தவரினும் பெருந்தீங்கு செய்கிறார். கணக்கைப் பதிவு செய்யும்போது வரும் ஆறிலக்க எண்ணைக் கேட்பவர் எவ்வளவு நெருங்கியவர் பெயரில் வந்தாலும் அதைக் கொடுத்தலாகாது. அது தனித் திறவை ஒத்த வீட்டுச் சாவி. இரு படிநிலைச் சரிபார்ப்பை இயக்கி வைத்தலும், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் அறியாத கோப்பைத் திறவாதிருத்தலும் நன்று. ஏமாற்றப்பட்டோர் காலந்தாழ்த்தாது அழைப்பதற்கென 997 என்னும் எண்ணைக் கொண்ட தேசிய மோசடிப் பதில் மையம் 2022 முதல் இயங்கி வருகிறது.

தமிழ்ப்பள்ளிகளில் உறவுக் கடிதமும் நட்புக் கடிதமும் எழுதப் பயிற்றுகின்றனர். முகவரி, நாள், விளி, உடல், முடிவு என அதன் உறுப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர், மடலின் மறைவு என்னும் அறத்தையும் உடன் கற்பித்தல் பொருத்தமுடையது. பிறர் மடலைப் பிரிக்கலாகாது என்பதோடு, தனக்கு வந்த மடலை எழுதியவர் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டலாகாது என்பதும் அவ்வறத்துள் அடங்கும். கெடாத் தோட்டங்களில் எழுத்தைக் கற்பித்து மடலுக்கு முதற் பூட்டை இட்டவர்கள் தமிழாசிரியர்களே. வழியைக் காக்கும் பணியை இன்று கணக்கு ஏற்றுக்கொண்டுள்ளது. இருமுனைகளையும் காக்கும் பணி இன்னும் அவர்களிடமே உள்ளது.